மடவார் வளாகம் தாண்டாத லாரி

அந்த லாரிக்கு என்ன சீக்குன்னே தெரியல. சாவியத் திருப்பினா ஒரே அடியில எடுத்துக்கிடும். கொஞ்ச தூரம் சமத்தாப் போகும். மடவார் வளாகத்துக் கோயில் கிட்ட வந்ததும் ரெண்டு இருமல் இருமி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிட்டு நின்னுரும். ஆயுத பூசைக்கு மறுநாள்லயிருந்து இதே கூத்துதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல, ராஜபாளையம் ரோட்டு மேல பட்டறை போட்டிருந்த சமுத்திரத்துக்கு இது மானப் பிரச்சினையாப் போச்சு. டீசல் இஞ்சினா, சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிருவேன்னு டீக்கடையில பீத்திக்கிட்டுத் திரிஞ்ச ஆளு அவன். ஃபில்டரை மாத்திப் பாத்தான். பைப்பைக் கழட்டி ஊதிப் பாத்தான். பம்புல காத்துப் பிடிச்சிருக்கும்னு நட்டைத் தளர்த்திக் காத்தெடுத்தான். ஒவ்வொரு தடவையும் பட்டறையில வண்டி கும்முன்னு ஓடும். இவனும் மீசையத் தடவிக்கிட்டு அனுப்பி வைப்பான். அது போயி அதே இடத்துல நிக்கும். கோயிலுக்கு வந்த சனமெல்லாம் சாமி கும்பிட்ட கையோட லாரிய ரோட்டோரமாத் தள்ளவேண்டியதாப் போச்சு.

லாரி செல்லத்தாயோடது. அவ புருசன் மாரிச்சாமி போன வருசம் மாசியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவரு, உக்காந்தபடியே போயிட்டாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைகளையும் இந்த லாரியையும் விட்டுட்டுப் போனாரு. டிரைவர் முத்துவீரனை வச்சு ராஜபாளையத்து மில்லுல நூல் லோடு எடுத்து, அதுலதான் பிள்ளைகளைப் படிக்க வச்சுக்கிட்டு வந்தா. பொம்பள லாரி வச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்னு கேட்ட வாயெல்லாம் மூடிக் கெடந்துச்சு.

அம்புட்டு வாயையும் மறுபடி திறந்துவிட்டவன் அவ கொழுந்தன் இருளப்பசாமி. மொத வருசம் துக்கம்னு லாரிக்குப் பூசை போடல. இந்த வருசம், "மதினி, நீங்க தள்ளி நில்லுங்க. என் வீட்டுக்காரி வந்து பொட்டு வைப்பா"ன்னு சொல்லிவிட்டிருந்தான். செல்லத்தாய் கேக்கல. விடியுமுன்னயே எந்திரிச்சு லாரியக் கழுவி, சந்தனத்தைக் குழைச்சு, முன்னாடி கண்ணாடியிலிருந்து பின் டயர் வரைக்கும் தன் கையாலயே வச்சு முடிச்சுட்டா. மறுநாள் லாரி நின்னுச்சு. அது போதாதா அவனுக்கு? "தாலியறுத்த கை பட்டா வண்டி எப்படி ஓடும்?"னு தெருத்தெருவாச் சொல்லிக்கிட்டு வந்தான். லாரிய வாங்கத் தளவாய்புரத்துல ஒரு ஆளும் பாத்துட்டான். ஒரு நாள் காலையில அவ வீட்டுக்கே வந்து நின்னான்.

"இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள வண்டி மில்லுக்குப் போயி லோடு ஏத்தலேன்னா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க மதினி. கொண்டவன் போன பொறவு எதுக்கு இந்த வீம்பு?"

அவளும் அழுது அலுத்துப்போயி சரின்னுட்டா. பாவி மனுசி, எத்தனை நாளைக்குத்தான் ஒத்தையா மல்லுக்கட்டுவா!

அன்னைக்கு மத்தியானம் செல்லத்தாய் பட்டறையில ஒரு பழைய டயர் மேல உக்காந்திருந்தா. எதுத்தாப்புல டீக்கடையில இருளப்பசாமி கால்மேல கால் போட்டு உக்காந்திருந்தான். அவனைப் பாக்கப் பாக்கச் சமுத்திரத்துக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏறுலே, நானும் வாரேன். இன்னைக்கு நீயா நானான்னு பாத்திருவோம்"னு முத்துவீரனையும் ஏத்திக்கிட்டுத் தானே லாரிய எடுத்தான். நீயா நானான்னு சொன்னது லாரியப் பாத்து. மடவார் வளாகம் வந்துச்சு. ரெண்டு இருமல், ஒரு உலுக்கல். நின்னுருச்சு.

சமுத்திரம் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்திட்டு, இஞ்சின் செஞ்சவன் பரம்பரையையே இழுத்து வஞ்சான். அதுக்குள்ள முத்துவீரன் இறங்கிப்போயி டீசல் டேங்க் மூடியத் திருகிக்கிட்டிருந்தான்.

"அங்க என்னலே பண்ணுத?"

"டீசல் இருக்கான்னு குச்சி விட்டுப் பாக்கேன் அண்ணாச்சி. நின்னா உடனே பாத்துருவேன். பாத்துட்டுச் செல்ஃப் அடிச்சா எடுத்துக்கிடும், பட்டறைக்கே திருப்பிருவேன்."

"ஒவ்வொரு தடவையும் மூடியத் திறந்த பொறவுதான் எடுக்குதா?"

"ஆமா. திறக்கையில உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வேற வரும்."

"அட மூதேவி! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

குதிச்சு இறங்கி மூடியப் பிடுங்கிப் பாத்தான். அந்த மூடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். டீசல் உள்ளயிருந்து போகப் போக, அந்த ஓட்டை வழியாக் காத்து உள்ள வரணும். காத்து வரலேன்னா டேங்க் டீசலை விடாமப் பிடிச்சுக்கிடும், இஞ்சின் பட்டினியில நின்னுரும். மூடியத் திறந்தா காத்து போகும், மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். பட்டறையில இவன் வேலை பாத்தப்பல்லாம் மூடியத் திறந்து போட்டுத்தான் பாத்திருக்கான். பொறவு எப்படித் தெரியும்?

ஓட்டை எங்கன்னு தேடினான். ஓட்டையே இல்ல. அது மேல கட்டியா, ரூபா அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவுல குங்குமம் வச்சிருந்துச்சு. காஞ்சு கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு.

கண்டுபிடிச்ச சந்தோசம் சமுத்திரத்துக்குக் கொஞ்ச நேரங்கூட நிக்கல. 'அய்யோ தாயே, உன் கைதானா!'ன்னு நெஞ்சு பதறிப்போச்சு. இதை வெளிய சொன்னா இருளப்பசாமி சும்மா விடுவானா? சொன்னேன்ல, சொன்னேன்லன்னு ஊரையே கூட்டிருவான். நகத்தால சுரண்டி, கம்பியால குத்தி ஓட்டையத் திறந்தான். "மூச்சு விட்டேன்னா பல்லைப் பேத்துருவேன்"னு முத்துவீரனை மிரட்டிவச்சான். பொறவு லாரி கோயிலைத் தாண்டி ராஜபாளையத்துப் பக்கம் பறந்துச்சு. ஒரு இருமல் இல்ல. திருப்பிக் கொண்டாந்து பட்டறையில நிறுத்தினான்.

இருளப்பசாமி எந்திரிச்சு வந்தான். "என்ன மெக்கானிக்கு, என்ன கோளாறாம்?"

"டீசல் ஓஸ் பைப்புல வெடிப்பு. கட்டியாச்சு. இனி டில்லிக்கே போகும்."

இஞ்சின் விசயத்துல சமுத்திரம் பொய் சொன்னது அதுதான் மொதத் தடவை. சொல்லத் தெரியாமச் சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சு வேட்டியில கையத் துடைச்சான். செல்லத்தாய் அந்தக் கையவே பாத்துக்கிட்டிருந்தா.

"அண்ணாச்சி, எனக்காகப் பொய் சொல்லாதிய. உங்க நகத்துல இருக்கது நான் குழைச்ச சந்தனம். எங்க அடைச்சிருந்துச்சு?"

அவனுக்கு வேற வழியில்ல. "டேங்க் மூடியில தாயி. காத்து போற ஓட்டையில."

"பாத்தியளா!" இருளப்பசாமி கையத் தட்டினான். "மதினி கைதான்னு நான் சொன்னேன்ல?"

சமுத்திரம் ஸ்பேனரை எடுத்துட்டான். செல்லத்தாய் டயரை விட்டு எந்திரிச்சு, வேண்டாம்னு கையக் காட்டினா.

"ஆமா தம்பி, என் கைதான். உங்க அண்ணன் இருக்கையிலயும் இதே கைதான் வண்டி முழுக்கப் பொட்டு வச்சுச்சு. அந்த மூடிக்கு மட்டும் விடவே மாட்டாவ. 'நீ தள்ளு, இது என் வேலை'ன்னு அவிய கையால ஓரத்துல ஒரு புள்ளி வைப்பாவ. ஏன்னு நான் கேட்டதில்ல, அவியளும் சொன்னதில்ல. ஏதோ வேண்டுதல்னு நெனச்சுக்கிட்டேன். இந்த வருசம் அவிய இல்லையே, அவியளுக்கும் சேத்து வைப்போம்னு..." அந்த மூடியத் தொட்டுக் காட்டினா. "அவியளுக்கும் சேத்துத்தான் தம்பி நிறைய வச்சேன்."

சமுத்திரத்துக்குக் கண்ணு ரெண்டும் முட்டிக்கிட்டு வந்துச்சு. இருளப்பசாமி அந்த மூடியப் பாத்தான், மதினியப் பாத்தான். துண்டை எடுத்து மூஞ்சியத் துடைச்சான்.

"ஓரத்துலதான் வைப்பாவ"ன்னான் மெதுவா. "நானும் பாத்திருக்கேன் மதினி."

செல்லத்தாய் லாரியில ஏறி உக்காந்தா. முத்துவீரன் சாவியத் திருப்பினான். லாரி ரோட்டுல ஏறிப் போன பொறவும் இருளப்பசாமி அங்கயே நின்னான்.

"தளவாய்புரத்து ஆளு வண்டியத் தேடி இங்க வந்தா நான் என்னய்யா சொல்ல?"ன்னு எரிச்சலாக் கேட்டான் சமுத்திரம்.

"வண்டிக்குச் சொந்தக்காரவிய குடுக்க மாட்டாவளாம்னு சொல்லிருங்க அண்ணாச்சி."