சௌனாவின் மேல்படியில் ஒரு பானை

ஃபின்லாந்தின் தாம்பரே நகரத்துச் சந்தை மண்டபத்தில் மீன் விற்கும் வேய்யோ, சாவோ என்ற சீமைக்காரர். அந்தச் சீமைக்காரர்களிடம் நேரான பதில் வாங்குவது, வழுக்கும் விலாங்கை வெறுங்கையால் பிடிக்கிற வேலை. அப்படிப்பட்ட மனுஷன் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு பெண்ணிடம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார் என்றால், விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பெண் காய்சு. எதிர்க்கடையில் ரொட்டி விற்பவர், ஹாமே சீமைக்காரர். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். வேய்யோவின் மனைவி போய்ச்சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. போன கிறிஸ்துமஸ் மாலை சமையலறைக் குழாயடியில் நின்றபடியே ஊறவைத்த மத்தி மீனைத் தின்று முடித்தார். இந்த வருஷமும் அப்படி நிற்க அவருக்கு மனசில்லை. உங்கள் வீட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்குமா என்று கேட்டார். காய்சு ரொட்டியை அறுத்து, தாளில் சுற்றி, வந்தவரை அனுப்பி, கத்தியையும் துடைத்து வைத்த பிறகுதான் பதில் சொன்னார்.

"இருக்கும். ஆனா வெறுங்கையோட வரக் கூடாது, மீன்காரரே. எங்க ஊரு இனிப்புக் கிழங்கு நீங்களே செஞ்சு கொண்டாரணும். சர்க்கரைப் பாகு ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் என் நாக்கு சொல்லிடும். அப்புறம் வாசலோட திரும்ப வேண்டியதுதான்."

அவர் சொன்னது ஹாமேக்காரர்களின் கிறிஸ்துமஸ் பண்டம். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, கொஞ்சம் கோதுமை மாவைக் கலந்து, கதகதப்பாக அரைநாள் வைத்தால் தானாக இனிக்கும். பிறகு பாலும் வெண்ணெயும் சேர்த்து அடுப்பில் சுடுவார்கள். சர்க்கரை போடாமல் கிழங்கு எப்படி இனிக்கும் என்பது சாவோக்காரர் மண்டையில் ஏறவில்லை. அவர்கள் ஊரில் இனிப்பு வேண்டுமென்றால் சர்க்கரையைப் போடுவார்கள், விஷயம் முடிந்தது.

முதல் முறை, அரைநாள் காத்திருப்பானேன் என்று அடுப்பை நன்றாக முறுக்கிவிட்டார். வெந்த கிழங்கு இன்னும் வெந்தது, இனிக்கவில்லை. அடுத்த முறை பொறுமையாகத்தான் இருந்தார். ஆனால் மாவை, ஆவி பறக்கும் மசியலிலேயே கொட்டிவிட்டார். சுவரொட்டி ஒட்டத் தோதான பசை கிடைத்தது. பாகு பாட்டில் அலமாரியில் நின்று அவரையே பார்த்தது. நேற்றைய மீனை இன்றைய மீனாக்கும் வித்தை அத்தனையும் அவருக்குத் தெரியும். அத்தனையையும் எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் காய்சு என்பதும் தெரியும். பாட்டிலைத் தொடவில்லை.

இதற்கிடையில் வயிறு வேறு. வேய்யோவுக்குப் பால் ஆகாது. பாலில்லாமல் காப்பியும் இறங்காது. அதற்காக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியிருந்தார். வாங்கியும் வயிற்றுக்குள் தகர டப்பா உருளும் சத்தம் நிற்கவில்லை. மாத்திரை போலி, காசைத் திருப்பிக் கொடு என்று கடைக்குப் போய்க் குரலை உயர்த்தினார். கடைப் பெண் அசரவில்லை, எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தொண்டையில் சிக்குகிறது, அதனால் பொடித்து, கொதிக்கக் கொதிக்க இருக்கும் காப்பியில் கலக்கிக் குடிக்கிறேன் என்றார் வேய்யோ, பெருமையாக.

"அது என்சைம், ஐயா. பால்ல இருக்கற சர்க்கரைய உங்க குடலால வெட்ட முடியல, அந்த வேலைக்கு ஆள் அனுப்பறோம். நீங்க அந்த ஆளை வழியிலயே வேக வெச்சுட்டு, வேலை நடக்கலன்னு சண்டைக்கு வர்றீங்க."

வேய்யோ காசைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, கோதுமை மாவிலும் அப்படி ஆள் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் பெண். மாவில் உண்டு, உங்கள் எச்சிலிலும் உண்டு, ரொட்டியை நிறைய நேரம் மென்றால் இனிக்கிறதே, அது அந்த என்சைம் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதுதான். குளிரில் தூங்கும், கொதியில் சாகும், நடுவில் ஒரு சூட்டில்தான் வேலை செய்யும். தேநீர் ஆறிக் குடிக்கும் பதத்துக்கு வருகிறதே, ஏறக்குறைய அந்தச் சூடு.

வேய்யோவின் மின்னடுப்புக்கு அந்தச் சூடு தெரியாது. அதைக் குறைத்தால் அணைந்துபோகும், கூட்டினால் கொளுத்தும். மணிக்கணக்காக மிதமான சூடு நிற்கும் இடம் எது என்று யோசித்தபடி மாடிப்படி இறங்கியவர், அடித்தளத்துச் சௌனாக் கதவின் முன் நின்றுவிட்டார். குடியிருப்புக்கே பொதுவான, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றிப் படிப்பலகையில் உட்கார்ந்து வேர்க்கும் ஆவிக்குளியலறை அது. பண்டிகைக்கு முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்கு ஒரு முறை என்று பங்கு பிரித்திருந்தார்கள்.

மீதி நாளெல்லாம் பேரம்தான். வீடு வீடாக ஏறி இறங்கினார். கேட்டது ஒன்றே ஒன்று: சூட்டை மட்டாக வையுங்கள், கல்லின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், மேல்படியில் என் பானையோடு உட்காருங்கள். கொடுத்தது புகையூட்டிய மீன். ஃபின்லாந்துக்காரரிடம் வேர்க்காத சௌனாவை விற்பது லேசான வியாபாரம் இல்லை. மூன்றாம் மாடி ரௌனோ, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கடைசிவரை மசியவில்லை.

"கிறிஸ்துமஸ் குளியல்யா இது. உன் கிழங்கு இனிக்கறதுக்கு நான் ஜலதோஷம் பிடிச்சுக்கவா?"

இரண்டு மீனுக்கு இறங்கி வந்தார்.

மசியலை விரல் பொறுக்கும்வரை ஆறவிட்டு, மாவு கலந்து, பானையைத் துண்டால் போர்த்தி, வேய்யோ அதை மேல்படியில் ராஜாவைப் போல உட்காரவைத்தார். வெளியே வெப்பமானியோடு காவல் இருந்தார். முதல் முறை ரௌனோவுடையது. உதடு நடுங்க வெளியே வந்தவர், விரலால் தொட்டு நக்கிப் பார்த்ததாகவும், பசை பசையாகவே இருப்பதாகவும் அறிவித்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் ஏதோ லேசாகத் தெரிகிறது என்றார்கள். அதற்கடுத்தவர்கள் சந்தேகப்பட்டு இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்கள். மசியல் இளகி வந்தது. மதியத்துக்கு மேல் ரௌனோ உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு, கையில் ஸ்பூனோடு மறுபடி இறங்கி வந்தார்.

"இனிக்குதுய்யா," என்றார், ஏதோ துரோகம் நடந்துவிட்டதுபோல.

அதன்பிறகு கட்டடமே சோதனைக்கு வந்தது. தன் பானைக்காக வேர்க்காமல் உட்கார்ந்தவர்களைத் தடுக்க வேய்யோவுக்கு நாக்கு எழவில்லை. பானையைக் கீழே இறக்கியபோது அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். புதுக் கிழங்கு வேகவைத்து, பாகு ஊற்றி இதோடு கலந்தால் பானை நிறையும். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு யோசனை வந்து, கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்துவிட்டும் போனது. மறுநாள் அவர் அந்த மிச்சத்தைப் பால் வெண்ணெய் சேர்த்து ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் சுட்டு எடுத்துக்கொண்டு காய்சுவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

காய்சு கிண்ணத்தைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். வரப்போகிற அக்கா, அக்காவின் கணவர், அவர்கள் பிள்ளைகள் என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. சந்தையில் விற்றால் இதற்குத் தராசில் முள்ளே அசையாதே என்றார். வேய்யோ, வாழ்க்கையில் முதல் தடவையாக, வளைக்காமல் நெளிக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னார். காய்சு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடினார். அந்த நிதானத்துக்குள் வேய்யோவின் மீன்கடை ஐஸ்கட்டியெல்லாம் உருகி ஓடியிருக்கும்.

"பாகு இல்ல," என்றார் கடைசியில். இன்னொரு ஸ்பூன் எடுத்து அவர் கையில் கொடுத்து, சமையலறைக் கதவைக் காலால் சாத்தினார். "அக்கா வந்தா இது பங்கு போட்டுக் கட்டாது. சீக்கிரம்."

"அப்ப அந்த நாற்காலி..."

"ஜன்னலோரம் உங்களுது. வாயில வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க."

அழைப்புமணி அடித்தபோது இருவரும் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள். காய்சு கதவைத் திறக்க அவசரப்படவில்லை. வேய்யோவும் பெருந்தன்மையாக நிதானத்தைக் கடைப்பிடித்தார்.