பதினால்வராய் நின்ற நாள்

கரிப்புகை படிந்த மலைகள் இருபுறமும் தோள்நெருக்கி நிற்க, அவற்றினிடையே கருநூல் இழையென நெளிந்தோடும் ஆறு சுரங்கத்தின் அழுக்கையெல்லாம் சுமந்து செல்ல, கற்பலகை வேய்ந்த கூரைகள் மழையில் நனைந்து மீன்முதுகென மின்ன, வேல்ஸ் நாட்டின் அப்பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை மாலை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாளும் சுரங்கத்துச் சுழலுருளைகளின் இரைச்சலில் அமிழ்ந்து கிடக்கும் அவ்வூர் ஏழாம் நாளில்தான் தன் குரலைத் தானே கேட்கும். ஆலயத்தில் எழும் இறைப்பாடல் மலைமேல் மேயும் ஆடுகளையும் தலைநிமிரச் செய்யும். படிப்போரே, அன்று அப்பாடலில் வாய் திறவாதிருந்தவன் ஒருவனே. அவன் எம்ரிஸ்.

கரி வெட்டிப் பிழைத்த எம்ரிஸ், கூலி ஏதும் பெறாமல் நாட்டுக்காக ரக்பி ஆடிய அந்நாளைய வீரருள் ஒருவன். பதினைவர் கொண்ட அணியில் எண்மர் தோள்கோத்து எதிரணியை முட்டித் தள்ளும் முட்டில், முன்வரிசையில் கற்றூண்போல் நிற்பவன். ஏழு முறை நாட்டின் செஞ்சட்டை அணிந்தவன். அதே சுரங்கத்தில் உழைப்பவனும், அதே இடத்தில் ஆட வல்லவனுமாகிய அவன் நண்பன் டெக்வினோ, ஏழு முறையும் மாற்றாளாக உடன்சென்று, மேற்சட்டையின் பொத்தானும் அவிழ்க்காமல் திரும்பியவன். ஆட்டம் தொடங்குமுன் எவரேனும் விலகினால் மட்டுமே மாற்றாள் ஆடலாம்; தொடங்கியபின் எவர் வீழ்ந்தாலும் மாற்றாள் இறங்கலாகாது, எஞ்சியவரே ஆடி முடித்தல் வேண்டும் என்பது அக்கால விதி.

முந்திய வாரம், ஸ்காட்லாந்தாரோடு ஆடவிருந்த சனிக்கிழமைக்கு முன், புதன்கிழமையன்று சுரங்கத்தில் கரிவண்டி இடித்து எம்ரிசின் முழங்கால் வீங்கிற்று. நடந்தால் நோவு அடங்கியிருந்தது. முட்டினால் தாங்காதென்பதை உடல் அறிந்திருந்தது. ஆயினும், ஒரு நாள் விட்டுக்கொடுத்த இடம் என்றைக்குமாய்ப் போய்விடுமோ என்னும் அச்சம், நண்பன்மீதிருந்த அன்பைக் கரையான்போல் அரித்தது.

"காலு எப்படிடா இருக்கு?" என்று ஆட்ட நாளன்று உடைமாற்றும் அறையில் அணித்தலைவன் கேட்டான்.

"கல்லு மாதிரி இருக்கு."

எம்ரிசின் காலுறையை இழுத்துவிடக் குனிந்த டெக்வின், வீக்கத்தைக் கண்டு குரல் தாழ்த்தினான்: "சொல்றதுன்னா நீயே சொல்லிடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"பழைய வீக்கம்டா. ஒண்ணுமில்ல."

இரண்டாம் முட்டிலேயே கால் மடிந்தது. எஞ்சிய பதினால்வரும் சேற்றில் புரண்டு, மூச்சிரைத்து, மாலைவரை போராடித் தோற்றனர். எம்ரிசைத் தோளில் சுமந்து வெளியேற்றியவன் டெக்வினே.

வழிபாடு முடிந்து, ஆலயத்தின் பின்னறையில் தேநீரும் உலர்பழ அப்பமும் பரிமாறப்பட்டன. நாட்டுக்காக ஆடியோர்க்கு அளிக்கும் பட்டுத்தொப்பியை எம்ரிஸ் கொண்டுவர வேண்டுமென ஊரார் விரும்பியிருந்தனர். அது மேசைமேல் இருந்தது.

"கால் ஒடிஞ்சும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா பாரு! சிங்கம்டா!" என்றார் பாட்டுக்குழுத் தலைவர் கோமர். பின், டெக்வினை நோக்கிக் கண்சிமிட்டி, "இவன் குடுத்து வெச்சவன். உக்காந்த எடத்துலயே நாட்டுக்காக ஆடிட்டான்!" என்றார்.

அறை சிரித்தது. டெக்வினும் உடன் சிரித்தான். அச்சிரிப்புத்தான் எம்ரிசின் நெஞ்சைப் பிளந்தது. கோலூன்றி எழுந்தான்.

"சிரிக்காதீங்கண்ணே. என் காலு ஆட்டத்துல போகல, புதன்கிழமையே போச்சு. தெரிஞ்சே மறைச்சேன். அன்னைக்கு அந்தச் சட்டை டெக்வின் போட வேண்டியது."

கோமரின் கையிலிருந்த கோப்பை மேசையில் ஓசையுடன் அமர்ந்தது. "பதினாலு பேரு சேத்துல செத்தாங்களேடா, பாவி!"

முகங்கள் ஒவ்வொன்றாய் அவனைவிட்டுத் திரும்பின. எம்ரிஸ் தொப்பியை எடுத்து நண்பனிடம் நீட்டினான். டெக்வின் அதைத் தொடவில்லை.

"இத வாங்கி நான் என்னடா பண்ண? உன் மண்டைக்குத் தெச்சது." எவரும் சிரிக்கவில்லை. "கோவம் இருக்குடா. நெறையவே இருக்கு. ஆனா வெளிய மழை. நீ தனியா மேடு ஏற மாட்ட. வா, தோளப் பிடி."

இருவரும் வெளியேறினர். வழியில் எம்ரிஸ் அழுதான், டெக்வின் நடையை மட்டும் தளர்த்திக்கொண்டான். நாடு எம்ரிசை மறுமுறை அழைக்கவில்லை. டெக்வினை ஒருமுறையும் அழைக்கவில்லை. இழந்தது இழந்ததே, எந்தக் கண்ணீரும் அதனை ஈடுசெய்யவில்லை. ஆயினும், தன்னால் வஞ்சிக்கப்பட்டவன் தோளில் தன் எடையைச் சாய்த்து நடப்பதினும் கடிய நாணம் மாந்தர்க்கு இல்லை. அத்தோள் விலகாதிருப்பதினும் பெரிய அருளை இறைவன் இம்மண்ணில் வைத்ததாகவும் தெரியவில்லை.