பாதி வெட்டிய தலை

நாத்தனார் மகளை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்தும்போது, பார்லர்காரியின் எட்டு மாத வயிறு நாற்காலியின் முதுகில் இடித்தது. குழந்தை சிரித்தாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போட்டோ. கண்ணுல விழாம வெட்டிவிடு போதும்" என்று நாத்தனார் சோபாவில் சாய்ந்து கைபேசியைத் திறந்தாள்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் சீப்பை இழுத்தபோது குழந்தை "ஆ" என்று தலையைச் சுருக்கிக்கொண்டாள். வகிட்டோரம் நீர்க்கொப்புளம், அதன்மேல் காய்ந்துபோன ரோஸ் நிற மருந்து. பார்லர்காரி பஞ்சை நனைத்துக் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தாள். தோல் நிற க்ரீம் பஞ்சோடு வந்தது. அடியில் இன்னொன்று.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இது என்ன அண்ணி?"

"வேர்க்குருதான்."

"வேர்க்குருவை யாராவது க்ரீம் பூசி மறைப்பாங்களா? டாக்டர் சின்னம்மைன்னு சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு. எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதானே, என்னமோ பாம்பைக் கொண்டுவந்து விட்ட மாதிரி குதிக்கிறே! அந்த முக்குப் பார்லர்காரியும் இப்படித்தான் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிட்டா."

"அவ அனுப்பிட்டா. தம்பி பெண்டாட்டி அனுப்பமாட்டான்னு இங்க வந்தீங்க. அதுவும் க்ரீமைப் பூசிக்கிட்டு." போர்த்திய துணியை உருவினாள். "கிளம்புங்க."

"பாதித் தலையோடவா?"

"பாதித் தலையோடதான்."

குழந்தை அழ ஆரம்பித்தாள். அவள் கண்ணைத் துடைக்கப் போன பார்லர்காரியின் கை அந்தரத்தில் நின்றது. "உன்மேல கோபமில்ல கண்ணு" என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் போய்ப் பார்த்த பிரசவ டாக்டர், சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்டார். கேட்டுச் சொல்ல அவளுடைய அம்மா உயிரோடு இல்லை. பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து என்றார்; ரத்தத்தைப் பார்ப்போம், எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் உடனே ஊசி போடலாம் என்றார். முடிவு வரும்வரை அவள் தூங்கவில்லை. வயிற்றில் உதை விழும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

எதிர்ப்பு சக்தி இருந்தது. எப்போதோ வந்துபோயிருக்கிறது.

கணவன் உடனே அக்காவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"பார்த்தியா தம்பி, ஒண்ணும் ஆகலை! இதுக்குப் போய் உன் பெண்டாட்டி என்ன ஆட்டம் ஆடினா!"

அவன் சிரித்தான். "சரி, விடுக்கா."

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் அண்ணி. உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

அவன் சிரிப்பு நின்றது. பிறகு, "மீதி முடியை எப்ப வெட்டுவே?" என்று போனில் நாத்தனாரின் குரல் வந்தது.

"அவளுக்குக் குணமானதும் அனுப்புங்க, வெட்டிவிடறேன். நீங்க வாசலோட நின்னுக்கங்க."