கூரையில் விட்ட அரை அங்குலம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பில், தெரிந்த ஒருவரின் வெற்றியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அக்காவை எடுத்துக்கொண்டேன். தையல்காரி. மின்கட்டணத்தைக் குறைக்க, தன் வீட்டு மாடியில் தானே சூரியத் தகடுகளைப் பொருத்தியவள். என் வரைவில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் பொய்.

முதல் வரி இப்படி இருந்தது: பொன்னிறக் கதிர்கள் மாடியைத் தழுவியபோது அவள்...

(வேண்டாம். அன்றைக்கு மேகமூட்டம்.)

2.

படித்துக் காட்டினேன். பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருடி இவ, தப்பே பண்ணாம? நானா?"

"உன்னை உயர்த்தித்தானே எழுதியிருக்கேன்?"

"அந்த ஓட்டைங்கள விட்டுட்டியே! அதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க புழுக்கத்துல வெந்திருக்கேன். அத எழுது."

ஆகவே, திருத்தம்.

3.

இரண்டாவது தையல் இயந்திரத்துக்குச் சேர்த்த பணத்தில் தகடுகளும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கினாள். வேலை செய்யாவிட்டால் இயந்திரமும் போச்சு, பணமும் போச்சு. எங்கள் அண்ணன் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். பெட்டிகள் வந்து இறங்கியதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"தாயே, இது பாவாடைக்கு நாடா கோக்கிற வேலை இல்ல."

"கோத்துப் பாத்துட்டுச் சொல்றேண்ணே."

(அண்ணனை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். ஏணியைச் சுமந்து வந்ததும் அவர்தான். முடியவில்லை.)

4.

கையேட்டை மூன்று முறை படித்தாள். அலுமினியச் சட்டங்களைத் தையல் நாடாவால் அளந்து, சாக்கட்டியால் குறித்து, துளை போட்டாள். தகட்டைத் தூக்கி வைத்தால் ஒன்றும் பொருந்தவில்லை. ஒவ்வோர் அளவிலும் அரை அங்குலம் கூடுதல். பதினைந்து வருடப் பழக்கம். எதை அளந்தாலும் தையலுக்கு அரை அங்குலம் விட்டுத்தான் அவள் கை குறிக்கும்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "அலுமினியத்த மடிச்சுத் தைக்கலாம்னு நெனச்சியா?"

அவள் அழு...

(இல்லை, அழவில்லை. அழுதால் கதைக்கு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.)

எல்லாத் துளைகளையும் புதிதாகப் போட்டாள். தகடுகளின் மேல் கனத்த போர்வையைப் போர்த்திவிட்டு*, ஒவ்வொரு வயராக இணைத்தாள்.

* வெளிச்சம் பட்டால் தகட்டில் உடனே மின்சாரம் வந்துவிடும், அதனால் போர்வை. அண்ணன் கேட்டார், அக்கா விளக்கினாள். இந்த வரிசையில்தான் நடந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

5.

போர்வையை எடுத்தாள். கீழே வந்து மெயினை அணைத்தாள். தெருக் கம்பியிலிருந்து வீட்டுக்குள் இனி ஒரு பொட்டு மின்சாரம் வராது. மோட்டாரில் ஓடும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள்.

முடிவு அ: புகை. (பாதி எழுதினேன். கை கூசியது.)

முடிவு ஆ: கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். (இருந்ததே மூன்று பேர்.)

நடந்தது: ஊசி இறங்கியது. ஒரு சட்டைக் கையை நிறுத்தாமல் தைத்து முடித்தாள். அண்ணன் மெயின் பெட்டியை இரண்டு தரம் திறந்து பார்த்தார். அணைந்துதான் இருந்தது. பிறகு சுவரைப் பார்த்தபடி கேட்டார்:

"எங்க வீட்டு மாடியையும் ஒரு நடை வந்து பாக்கிறியா?"

அக்கா நூலைக் கத்தரித்தாள். நிமிர்ந்தாள்.

அவள் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. எழுதிய மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றுமே என் குரலில் இருந்தன. நீங்களே ஒன்றைச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் முணுமுணுக்காதீர்கள். அவள் சொன்னது அடுத்த தெருவுக்கே கேட்டது.