சுருளியம்மாள் தொண்டையில் இரண்டு கோடுகள்

சக்குபள்ளத்து மலையில் நின்று சுருளியம்மாள் குரல் கொடுத்தால் கீழே கம்பத்தில் கறக்கிற மாடு காலைத் தூக்கும். நீ பார்த்தாயா என்று கேட்காதீர்கள்; மாட்டிடமே விசாரித்தேன். ஏலக்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால், காய் எடுக்கப் போன அத்தனை பேரையும் அந்தக் குரல்தான் கையைப் பிடித்துக் கூட்டிவரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அது அடைத்துக்கொண்டது. டவுன் டாக்டர் ஒருவர், கட்டி, கத்தி வைக்க வேண்டும் என்றுவிட்டார். கத்தி பட்டால் குரலே போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

அப்போது நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். பாலக்காட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள் டாக்டர் ரஹீமா, கண்ணைச் சோதிக்கிற அல்ட்ராசவுண்ட் கருவியால் குரல்நாண்களைப் பார்க்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். காதுக்கு எட்டாத ஒலியைத் தொண்டைக்குள் அனுப்பினால், சதையின் ஒவ்வொரு படலத்திலும் பட்டுத் திரும்பித் திரையில் கோடாக விழும். கட்டி மேல்படலத்தோடு நின்றிருந்தால் பேசாமல் இருந்தே கரைத்துவிடலாம். ஆழத்தில் இறங்கியிருந்தால் கத்திதான்.

நான்கு குட்டியானை கனமுள்ள அந்தப் பெட்டியோடு ஜீப்பில் போனோம். பாதி வழிக்கு மேல் தரையே கிடையாது, பனிமேல்தான் ஓடினோம்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் சுருளியம்மாளின் மஞ்சள் பூசிய கழுத்தில் விளக்கெண்ணெய் தடவிக் கருவியை வைத்தார் ரஹீமா. திரையில் ஒன்றுமில்லை. வெறும் இருட்டு.

அவள் புருஷன் சங்கையா தலையில் கை வைத்தான். "அப்ப உள்ள ஒண்ணுமே இல்லையா, டாக்டரம்மா?"

சுருளியம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். ரஹீமா விரலால் கழுத்தைத் தட்டினார். டக், டக்.

"ஏனுங்க, என்னங்க இது, கல்லாட்ட இருக்குது?"

நாத்தனார் மூக்கம்மாள் முன்னால் வந்தாள். "நாந்தேன் பத்துப் போட்டேன். சுண்ணாம்பு, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு. பெரிய டாக்டரு வர்றாகளேன்னு மூணு தரம் பூசுனேன்."

"சொவத்துக்குக்கூட ரெண்டு தரந்தேண்டி பூசுவாக!" என்றான் சங்கையா.

வெந்நீரில் ஊறவைத்து அந்தச் சுவரை இடித்தோம். நான் அள்ளியதில் ஒரு கோழிக்கூடு கட்டியிருக்கலாம்.

மறுபடி எண்ணெய், மறுபடி கருவி.

"மெதுவா ஈன்னு சொல்லுங்க."

இருட்டில் இரண்டு வெள்ளிக் கோடுகள் எழுந்தன. ஒன்றை ஒன்று தொட்டன, விலகின, நடுங்கின. ஜன்னலுக்கு வெளியே பனி நகராமல் நின்றுவிட்டது. அறையே தண்ணீருக்குள் இறங்கி, நாங்கள் எல்லோரும் அவள் குரலின் அடியில் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. ஒரு கோட்டின் விளிம்பில் மட்டும் ஏலரிசி அளவு மேடு. அதன் அடியில் படலங்கள் மாசில்லாமல் கிடந்தன.

"மேலாப்புலதானுங்க இருக்குது. கத்தி வேண்டாம். ஆனா நாப்பது நாளைக்கு வாயே தெறக்கக் கூடாது."

"நாப்பது நாளா? அதை நூறாக்குங்க, தாயி!" என்ற சங்கையாவின் முதுகில் சுருளியம்மாள் வீசிய துண்டு விழுந்தது.

நாற்பத்தோராம் நாள் பெட்டியில்லாமல் போனோம். மலை முழுக்கப் பனி. சுருளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். பழைய குரல் இல்லை. கொஞ்சம் கனத்து, அடியிலிருந்து வந்தது. பனிக்குள் முதலில் ஒரு கூடை தெரிந்தது, பிறகு ஒரு முக்காடு, பிறகு நான்கைந்து பேர்.

"இன்னைக்கு இது போதுமுங்க," என்று ரஹீமா கையமர்த்தினார்.

"மேக்காட்டு ஆளுக இன்னும் வரலையே, டாக்டரம்மா," என்றாள் சுருளியம்மாள்; திரும்பி நின்று மறுபடி கூப்பிட்டாள்.