ஈரத்திரி

தங்கை வீடு திரும்பிய நாளிலிருந்து பெரியவளுக்கு நெஞ்செரிச்சல். டாக்டரிடம் போனாள். காரத்தைக் குறையுங்கள் என்றார் அவர். காரம் சாப்பாட்டில் இல்லை டாக்டர், பக்கத்து அறையில் கட்டில் போட்டுத் தூங்குகிறது என்று எப்படிச் சொல்வது? மாத்திரையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் மெழுகுவர்த்திக் கூடம் இருந்தது. அப்பா தொடங்கியது. அடுப்பின் மேல் தண்ணீர்ப் பாத்திரம், அதற்குள் மெழுகுப் பாத்திரம், சுவரோரம் தகர அச்சுகள், ஆணியில் தொங்கும் திரிநூல். இவ்வளவுதான் கூடம். அப்பாவுக்குப் பார்வை மங்கி, வெளிச்சம் எது நிழல் எது என்பது மட்டும் தெரியும் அளவுக்கு வந்தபோது இதெல்லாம் பெரியவள் தலையில் விழுந்தது. சின்னவள் அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவனோடு கிளம்பிப் போனதும் அதே சமயத்தில்தான். சும்மா போகவில்லை. "எனக்குக் கோயிலும் வேணாம், குடும்பமும் வேணாம்" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். தெரு முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு அப்பாவைக் குளிப்பாட்டியவள், சோறு பிசைந்து ஊட்டியவள், சக்கர நாற்காலியில் வைத்து ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனவள் எல்லாம் பெரியவள்தான். நடுவில் தலை நரைத்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட.

அப்படியிருக்க, போன மழைக்காலத்தில் சின்னவள் ஒற்றைப் பையோடு வந்து வாசலில் நின்றாள். அவன் இவளை விட்டுவிட்டுப் போய்விட்டானாம். அப்பா இவளை நாலு கேள்வி கேட்பார் என்று பெரியவள் காத்திருந்தாள். ஒருவேளை அவர் மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க ஐந்தாறு கேள்விகளைத் தயாராகவும் வைத்திருந்தாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளின் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழந்தை நனைஞ்சிருக்கா. சூடா ஒரு காபி போடு" என்றார். குழந்தைக்கு வயது முப்பத்திரண்டு. காபி போட்டவள் பெரியவள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று. சின்னவளின் காலடி அறைக்குள் கேட்டால் போதும், அப்பாவின் தலை நிமிர்ந்துவிடும். "யாரது? சின்னவளா?" என்பார். முகமெல்லாம் பூத்துவிடும். பெரியவள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை உள்ளே போய் வருகிறாள். அவளை ஒரு தடவைகூட யாரது என்று அவர் கேட்டதில்லை. "தண்ணி" என்பார். "ஜன்னலைச் சாத்து" என்பார். அவ்வளவுதான். ஒருநாள் வேண்டுமென்றே தங்கையின் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்து பார்த்தாள். "செருப்பைக் கழட்டிட்டு வா" என்றார் அப்பா. கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

கோயிலிலும் இதே கூத்து. சின்னவள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தேம்பியதைப் பார்த்துப் பங்குச் சாமியாருக்கே கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு, வீட்டை விட்டு ஓடிய மகன் திரும்பி வந்த பைபிள் கதையைப் பிரசங்கமாக வைத்தார். பெரியவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கதையைக் கண்டால் ஆகாது. வயலில் வேலை செய்துவிட்டு வந்த மூத்தவன், ஓடிப்போன தம்பிக்கு விருந்தா என்று கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பான், உள்ளே போனானா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் கதையை முடித்துவிடுவார்கள்.

பிரசங்கத்தோடு விட்டாரா? ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் உயிர்ப்புத் திருவிழிப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் சாமியார் கூடத்துக்கே வந்தார்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழிப்பு அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். வெளியே மூட்டிய தீயிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியைக் கொளுத்தி இருட்டுக்குள் தூக்கி வருவார்கள். வாசலில் ஒரு தடவை, கோயில் நடுவில் ஒரு தடவை, பீடத்தின் முன்னால் ஒரு தடவை நின்று, கிறிஸ்துவின் ஒளி என்று அதை உயர்த்திக் காட்ட வேண்டும். மற்ற கோயில்களில் யார் தூக்குவார்களோ, இங்கே திரியை வார்த்தவர்தான் தூக்குவார். முன்பு அப்பா. அவருக்குப் பிறகு பெரியவள். ஆண்டு முழுக்க மெழுகு நாற்றத்தோடு திரிகிறவளை ஊரே எழுந்து நின்று பார்க்கும் நேரம் அது ஒன்றுதான்.

"இந்தத் தடவை திரியை உங்க தங்கச்சி தூக்கட்டுமேம்மா" என்றார் சாமியார். "இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு வந்தவங்க. பொருத்தமா இருக்கும்."

"நல்லா இருக்கும் ஃபாதர்" என்றாள் பெரியவள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் கேட்பவருக்குப் புன்னகை போலத்தான் தெரிந்தது.

அன்று பின்மதியம் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பாஸ்கா திரியை வார்க்க உட்கார்ந்தாள். திரிநூலை அச்சில் கட்டும் முன் கொதிக்கும் மெழுகில் முக்க வேண்டும். நூலுக்குள் இருக்கும் ஈரம் குமிழ் குமிழாக வெளியே வரும். குமிழ் அடங்கிய பிறகே எடுக்கலாம். அவசரப்பட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, சுடர் அதைத் தொட்டதும் படபடவென்று பொரிந்து அணைந்துவிடும். மகள்கள் இருவருக்கும் அப்பா எழுத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

பெரியவள் நுனியில் நகக்கண் அளவுக்கு நல்ல திரியாக விட்டாள். அதற்குக் கீழே ஒரு விரல்கணு அளவுக்கு நூலைத் தண்ணீரில் நனைத்து, ஆறிப்போன மெழுகை மேலே பூசி ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினாள். வாசலில் எரியும். நடுவிலும் எரியும். பீடத்துக்குப் போகும் வழியில், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சின்னவளின் கையில் பொசுக்கென்று போகும். மனம் திரும்பினது நிஜமா இருந்தா விளக்கு அணையுமா என்று நாலு பேர் காதைக் கடிக்க வேண்டும். அது போதும் அவளுக்கு.

மறுநாள் அவளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கோபப்பட்டேன், ஜெபத்தில் கவனம் சிதறியது என்று மேலோட்டமாக நாலைச் சொல்லிவிட்டு வந்தாள். திரியைப் பற்றி மூச்சு விடவில்லை.

திருவிழிப்பு வந்தது. கோயில் முற்றத்தில் தீ மூட்டியிருந்தார்கள். அப்பாவை முன் வரிசைக்கு அருகே நாற்காலியோடு நிறுத்திவிட்டு, பெரியவள் ஒன்றும் அறியாதவள்போல முற்றத்துக்கு வந்தாள். திரியைக் கொளுத்தி, வாங்கிக்கொள்ளச் சொல்லி சாமியார் சின்னவளைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை.

"என்னால முடியாது ஃபாதர்" என்றாள்.

"ஏம்மா?"

"இதை வார்த்தது அக்கா. நான் ஒரு சொட்டு மெழுகுகூட ஊத்தலே. அக்காவே தூக்கட்டும். நான் பின்னாலே நடந்து வரேன். எனக்கு அதுவே பெரிசு."

பெரியவள் பின்வாங்கினாள். "ஐயோ, வேணாம் ஃபாதர். அவளே தூக்கட்டும். எனக்குத் தோள்ல பிடிப்பு."

"காலையிலதானேக்கா மெழுகு மூட்டையை ஒண்டியாத் தூக்கினே?" என்றாள் சின்னவள், சூதுவாது இல்லாமல்.

"அது வேற தோளு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் பெரியவள்.

பாடகர் குழுவை நடத்தும் பாட்டுக்கார அம்மா உருகிப்போனாள். "பாத்தீங்களா, ஒருத்திக்கு ஒருத்தி விட்டுக்குடுக்குறதை! அக்கா தங்கச்சின்னா இப்படி இருக்கணும்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சாமியார் மனம் நெகிழ்ந்து, வழக்கப்படியே நடக்கட்டும் என்று எரியும் திரியைப் பெரியவளின் கையில் வைத்தார்.

எதற்காக இத்தனை நாள் புழுங்கினாளோ அது கையில் வந்துவிட்டது. கீழே போடவும் முடியாது, வேறு யாரிடமும் தள்ளவும் முடியாது.

வாசலில் நின்று உயர்த்தினாள். குரல் நடுங்கியது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். இருட்டுக்குள் ஜனங்கள் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. நடுவில் நின்று உயர்த்தினாள். அங்கே பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் மெழுகுவர்த்திகளைப் பெரிய திரியில் கொளுத்திக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். முதலில் கொளுத்திக்கொண்டவள் பின்னால் வந்த சின்னவள். அவளிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று பெஞ்சு பெஞ்சாக வெளிச்சம் பரவியது. மேலே சுடரின் அடியில் நல்ல திரி தீர்ந்துகொண்டிருந்தது. பெரியவள் ஜெபித்தாள். ஆண்டவரே, இன்னும் கொஞ்ச தூரம்தான், நான் நனைத்ததை நீர் காயவைத்துவிடக் கூடாதா? இப்படி ஒரு ஜெபத்தைச் செய்ய அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தாள்.

பீடத்துக்குப் பாதி வழியில் திரி படபடவென்று பொரிந்தது. முன் வரிசையில் அப்பாவின் முகம் சட்டென்று சத்தம் வந்த பக்கம் திரும்பியது. சுடர் நீலமாகிச் சுருங்கி, ஒரு கோடு புகையை விட்டுவிட்டுப் போய்விட்டது.

சபையில் ஒரு முனகல் எழுந்தது. "காத்து" என்றார் சாமியார் சமாதானமாக. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தன.

பின்னாலிருந்து சின்னவள் நெருங்கி வந்தாள். கையில் அவளுடைய மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் காதோடு சொன்னாள்: "காத்துன்னே சொல்லிடுக்கா. நானும் காத்துன்னுதான் சொல்வேன்."

அந்தப் படபடப்பு என்னவென்று அவளுக்குத் தெரியும். அதே கூடத்தில் வளர்ந்தவள்தானே. யாருக்காகச் செய்தது என்பதும் புரிந்துவிட்டது, கண்ணில் நீர் நின்றது. இருந்தும் மூடி மறைக்கத் தயாராக நிற்கிறாள்!

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுது வாங்கிய அனுதாபம் இவளுக்கு, அப்பாவின் சிரிப்பு இவளுக்கு, இப்போது மன்னித்துவிட்ட பெருமையும் இவளுக்கேவா? அதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ஆங்காரத்தில் வாய் திறந்துவிட்டது.

"காத்து இல்லே ஃபாதர்" என்றாள் உரக்க. "நான்தான் திரியை நனைச்சேன். இவ கையில இது அணையணும்னு நனைச்சேன்."

பொறாமைதான் அவளைப் பேச வைத்தது. ஆனால் வெளியே வந்து விழுந்தது உண்மை. விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. பாட்டுக்கார அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பெரியவளுக்குக் காது மடல் கொதித்தது. ஆனால் மழைக்காலத்திலிருந்து நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்தது மட்டும் இப்போது அங்கே இல்லை. எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

"அவ்வளவு கோபமாக்கா என்மேலே?" என்றாள் சின்னவள்.

"ஆமா. நீ போனப்பகூட இவ்வளவு இல்லே. நீ வந்தப்பதான்."

அடுத்து என்ன செய்வது என்று அந்த இடத்தில் தெரிந்தவள் பெரியவள் ஒருத்திதான். தரையில் மண்டியிட்டு, திரியை மடியில் சாய்த்து, நுனியில் இளகிக் கிடந்த மெழுகை நகத்தால் தோண்டினாள். சூடு உறைக்கவில்லை. ஈர நூலை இழுத்துக் கிள்ளி எறிந்தாள். கீழே காய்ந்த நூல் வெளியே வரும்வரை தோண்டினாள். பிறகு தலையைத் தூக்கினாள். சுற்றிலும் எத்தனையோ மெழுகுவர்த்திகள் எரிந்தன, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவள் தங்கையைப் பார்த்தாள்.

"கொடுடி" என்றாள்.

"உன்கிட்ட வாங்கினதுதானேக்கா" என்று சின்னவள் குனிந்து தன் சுடரைச் சாய்த்தாள். இருவர் கையிலும் மெழுகு சொட்டியது. பெரிய திரி ஒருமுறை தயங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை பொரியவில்லை.

பெரியவள் அதைத் தூக்க மனமில்லாமல் சாமியாரைப் பார்த்தாள். அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். "இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கும்மா. போங்க."

எழுந்தாள். அழுத முகத்தோடு, மெழுகு அப்பிய சேலையோடு, எல்லார் பார்வையும் முதுகில் குத்த, பீடத்தை நோக்கி நடந்தாள். தள்ளாடிய முழங்கையைச் சின்னவள் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தாள். உதறிவிட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. உதறவில்லை.

முன் வரிசைக்கு அருகே வந்தபோது, சக்கர நாற்காலியில் இருந்தவரின் தலை நிமிர்ந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முகம். கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கொஞ்ச வெளிச்சத்தை நோக்கி அப்பா கையை நீட்டினார்.

"யாரது?" என்றார். "பெரியவளா?"

அவள் நின்றாள்.

"நான்தாம்பா" என்றாள். "வந்துட்டேன்."