பன்னிரண்டாவது டெஸ்ட்

"முதல்ல அந்த எல் போர்டைக் கழட்டும்மா!" என்று மாமா கத்தினார்.

மகள் கையில் திருப்புளி இருந்தது. ஆனால் அவள் கழற்றவில்லை, முடுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்த போர்டு வேனின் நெற்றியில் இறுக உட்கார்ந்தது.

"அக்காவைக் கடைசியா அனுப்புற வண்டியில எல் போர்டா? தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா. முப்பத்திரண்டு வருஷமா எல் போர்டு வண்டியிலதான் அம்மா போனாங்க, வந்தாங்க. இன்னிக்குக் கழட்டினா எழுந்து உட்கார்ந்து திட்டுவாங்க."

மாமா வேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார். அக்கா அப்படிச் செய்யக்கூடியவள்தான். இருக்கைகளை மடக்கிய இடத்தில், பெட்டிக்குள், டிரைவிங் ஸ்கூல் ஓனர் அமைதியாகப் படுத்திருந்தாள். அவள் அமைதியாக இருந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

போர்டுகூடப் பரவாயில்லை. மாமாவின் பயம் வேறு. அம்மா எழுதி வைத்திருந்த காகிதம் காலையில் வேனின் டேஷ்போர்டு பெட்டியில் கிடைத்திருந்தது. மூன்றே வரி.

'என்னை நம் வேனிலேயே கொண்டுபோகவும். அழுகிறவர்கள் பின்னால் உட்காரவும், முன்னால் அழுதால் டிரைவருக்கு இடைஞ்சல். வண்டியை நிதானம் ஓட்டட்டும்.'

நிதானம் என்பது அந்த வீட்டு ஆண்ட்ராய்டு, மனித வடிவ ரோபோ. ஆள் உயரம், சாம்பல் நிறம், வலது முழங்கையில் ஒரு கீறல். ஆறு வருஷத்துக்கு முன்னால் பாத்திரம் தேய்க்க, துணி மடிக்க என்று ஒப்பந்தத்தில் வந்தது. மற்ற வீட்டு மெஷின்களுக்கு வண்டி ஓட்டும் வித்தையை ஒரே மணி நேரத்தில் ஏற்றிவிடுவார்கள். அம்மா விடவில்லை. "ஏத்திக்கிட்டு ஓட்டினா அது ஓட்டுறது இல்ல, ஒப்பிக்கிறது. இவன் என்கிட்ட கத்துக்கட்டும்" என்றாள்.

தினமும் மூன்று மணிக்குக் கிளாஸ். "நிதானம்! சீக்கிரம் போடா!" என்று அம்மா போடும் கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்கும். பதினொரு தடவை டெஸ்ட்டுக்குப் போனது. பதினொரு தடவையும் ஃபெயில். ஒரு தடவை நாய்க்கு வழி விட்டது. நாய் போய்விட்டுத் திரும்பி வரும்வரை காத்திருந்து, அதற்கும் வழி விட்டது.

மகளுக்கு அது சிரிப்பாக இருந்ததில்லை. அவளுக்கு அம்மா எடுத்தது ஒரே ஒரு கிளாஸ். பதினெட்டு வயதில். இருபதாவது நிமிஷம் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு, நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். பிறகு எதிர்த் தெருப் போட்டி ஸ்கூலில் சேர்ந்து முதல் தடவையே பாஸ். அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்ற மகளுக்கு இருபது நிமிஷம், பாத்திரம் தேய்க்கிற மெஷினுக்கு ஆறு வருஷமா?

அம்மா எப்போதும் 'அவன்' என்பாள். மகள் 'அது' என்பதைத் தாண்டியதில்லை.

அந்த 'அது'தான் நேற்று அவளுக்கு ஃபோன் செய்தது. மூன்று மணி மூன்று நிமிஷம். "அக்கா, அம்மா கிளாஸுக்கு லேட். இதுவரைக்கும் லேட் ஆனதே இல்லை." அவள் வீடு மூன்று தெரு தள்ளி. அவள் ஓடி வந்தபோது அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி, மத்தியானத் தூக்கத்திலேயே போயிருந்தாள். மடியில் வேன் சாவி.

காலையில் ஆண்ட்ராய்டு கம்பெனியிலிருந்து கேட்டார்கள். "ஒப்பந்தம் உங்க பேருக்கு மாத்தணுமா? இல்ல, நாங்க எடுத்துக்கவா? எடுத்தா நினைவெல்லாம் துடைச்சிட்டு வேற வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"எடுத்துக்கோங்க" என்றாள் மகள். ஐந்து மணிக்கு ஆள் வருவதாகப் பேச்சு. நிதானத்திடமும் சொல்லிவிட்டாள்.

"சரி அக்கா. அதுக்குள்ள வேனைக் கழுவி வச்சிடுறேன்" என்றது அது.

"யார் ஓட்டுறது?"

குரல் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர். கையில் பூங்கொத்து, தோளில் ஆபீஸ் பை. பதினொரு தடவையும் ஃபெயில் போட்ட அதே மனுஷன்.

மாமாவுக்குத் தெய்வமே நேரில் வந்த மாதிரி இருந்தது. "நீங்களே கேளுங்க சார் இந்தக் கூத்தை! இது ஓட்டப் போகுதாம்!"

இன்ஸ்பெக்டர் வேனைச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். போர்டை ஆட்டிப் பார்த்தார். "எல் போர்டு இருக்கு. பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார்ந்தா சட்டப்படி சரிதான்."

"சார்!"

"அதோட, அந்தம்மா பன்னெண்டாவது டெஸ்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாங்க. இன்னிக்குப் பதினோரு மணிக்குத்தான். நான் ரத்து பண்ணினா மேல இருந்து திட்டு விழும்." பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "நானும் பின்னாடி ஏறிக்கிறேன். இங்கிருந்து போயிட்டு, திரும்பி வந்து வாசல்ல நிறுத்தினா டெஸ்ட் முடிஞ்சது."

மகள் அம்மாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காலடியில் இரண்டாவது பிரேக். கற்றுக்கொடுப்பவருக்காக வைத்தது. அதன் ரப்பர் ஒரு ஓரமாகத் தேய்ந்து, அம்மாவின் செருப்பு அளவுக்குக் குழிந்திருந்தது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து. "நீ அந்த பிரேக்கைத் தொட்டா டிரைவர் ஃபெயில்."

"தொடாம எப்படி?" என்றார் மாமா. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது.

கிளம்பியதே தெரியவில்லை. முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். சிக்னலில் நின்று, மேட்டில் ஏறி, குறுக்கே பாய்ந்த சைக்கிளுக்கு ஒதுங்கி, பள்ளத்தில் சக்கரத்தை ஒரு குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கி ஏற்றியது நிதானம். மாமா பெட்டியிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையை.

"என்னய்யா இது, தண்ணியில போற மாதிரி போகுது!"

இன்ஸ்பெக்டரின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

மகளின் கால் பிரேக்குக்கு ஒரு விரல் உயரத்தில் காத்துக்கொண்டே இருந்தது. வேலையே வரவில்லை.

"உனக்கு எப்ப இருந்து இப்படி ஓட்டத் தெரியும்?" என்றாள், பின்னால் கேட்காத குரலில்.

"ரெண்டாவது வாரத்துல இருந்து அக்கா."

"அப்ப பதினொரு தடவை ஃபெயில்?"

நிதானம் கண்ணாடியைப் பார்த்தது, கியரை மாற்றியது. "அம்மா கிளாஸ்ல உங்களைப் பத்தித்தான் அதிகம் பேசுவாங்க. 'என் பொண்ணுக்குக் கை நல்லா வந்துச்சுடா. நான் கத்தின கத்துல இருபது நிமிஷத்துல இறங்கிப் போயிட்டா. நீயாவது கொஞ்ச நாள் உட்காரு'ன்னு சொன்னாங்க. பாஸ் ஆனா இறங்கணுமே அக்கா."

மகள் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். அம்மாவின் கிளாஸ் நோட்டு இருந்தது. நிதானத்துக்கு ஒரு முழுப் பக்கம்.

'முதல் டெஸ்ட்: ஃபெயில். நாய்.
நாலு: ஃபெயில். நேற்று இதே திருப்பத்தை அழகாக எடுத்தவன். நடிக்கிறான்.
ஏழு: ஃபெயில். நடிப்பு தேறிவிட்டது.
பதினொன்று: ஃபெயில். நல்ல வேளை.'

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

"முன்னாடி அழக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க" என்று மாமா பின்னாலிருந்து நினைவுபடுத்தினார்.

"அழல மாமா."

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கடைசியாக நிதானம் பெட்டியருகே வந்து நின்றது. அம்மா மடியில் இருந்த வேன் சாவியைக் காட்டி, "இது அம்மாவோட போகணுமா அக்கா?" என்று மட்டும் கேட்டது. "வேண்டாம், உன் கையில இருக்கட்டும்" என்றாள்.

திரும்பும்போது வேன் லேசாக இருந்தது. மாமாவே முன்பக்கம் தலையை நீட்டி, "அந்த லாரியை முந்துடா, பரவாயில்லை" என்று யோசனை சொல்லுமளவுக்குத் தேறியிருந்தார். இன்ஸ்பெக்டர் படிவம் முழுக்க டிக் அடித்து, ஒரே ஒரு கட்டத்தைப் பாக்கி வைத்திருந்தார்.

"பதினொரு தடவை என்னை முட்டாளாக்கியிருக்கு. இருக்கட்டும். நிறுத்தினா பாஸ். கம்பெனி எடுத்துக்கப் போகுதுன்னு உங்க மாமா சொன்னாரு, இனி எந்த வீட்டுக்குப் போனாலும் லைசென்ஸோட போகலாம்."

தெரு வந்தது. வீடு வந்தது. வேன் வாசலை நோக்கி ஒரு பூவை வைப்பதுபோல மெல்லத் திரும்பியது. இன்னும் நான்கடி. மூன்றடி.

மகள் பிரேக்கை மிதித்தாள்.

முழுக் காலால். வேன் தலையை ஆட்டி நின்றது. மாமா காலி இடத்தில் உருண்டார். இன்ஸ்பெக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது.

"அக்கா, நான் சரியாத்தானே வந்தேன்?"

"என்னத்தைச் சரி? இப்படியா வாசல்ல கொண்டு வந்து இடிக்கிறது? கண்ணை எங்கேடா வச்சிருக்கே, தடிமாடு!" தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. தன் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருந்ததே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. "நாளைக்கு மூணு மணிக்குக் கிளாஸ். லேட் பண்ணினே, தொலைச்சிடுவேன்!"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். பிறகு கடைசிக் கட்டத்தில் எதையோ எழுதினார். "அடுத்த மாசம் வாங்கம்மா" என்றார்.

"மாமா, அஞ்சு மணிக்குக் கம்பெனிக்காரன் வருவான். வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏம்மா?"

"லைசென்ஸ் கூட இல்லை. இவனை எந்த வீட்டுக்கு அனுப்புறது?"

நிதானம் அவளை ஒரு கணம் பார்த்தான். சாவியைத் திருப்பினான். கிளட்ச்சைச் சட்டென்று, மகா மோசமாக, விட்டான். வேன் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. காலையில் அவள் முடுக்கிய எல் போர்டு மறுபடி லொடலொடவென்று ஆடத் தொடங்கியது.